ஆம்பூரில் ஒரு பிராட்வே, அடுத்த வீட்டு ஸ்டெல்லாவுடன்

வியாழக்கிழமை காலை சென்னை சென்ட்ரலில் பெங்களூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாடா என்று சாய்ந்தேன். "வசந்தி! நீயும் அங்கதான் வர்றியா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தாம்பரத்தில் எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிற குரல்தான் அது. ஸ்டெல்லா எதிர் இருக்கையில் பையை வைத்துவிட்டு, வழிக்கு முறுக்கு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள்.

நான் போய்க்கொண்டிருந்தது ஆம்பூருக்கு. பிராட்வே இசை நாடகங்களின் வரலாற்றைக் கற்றுக்கொடுக்கும் மூன்று நாள் தங்கல் வகுப்பு அது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிற எனக்கு, பேச வேண்டியவர்கள் திடீரென்று பாட ஆரம்பித்துவிடும் அந்த நியூயார்க் நாடகங்களின் மேல் கல்லூரி நாளிலிருந்தே பைத்தியம். தேய்ந்த கேசட்டுகளிலும், பிறகு செல்போனிலும் கேட்டதோடு சரி, ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அப்படிப் பைத்தியம் ஏதும் இல்லாத ஸ்டெல்லா, போன வருடம் நியூயார்க்கில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவள், போகிற போக்கில் நான்கு நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். நானும் ஒவ்வொன்றுக்கும் கை கூப்பும் பொம்மையைப் பதிலாக அனுப்பினேன். வயிற்றெரிச்சலுக்கு அதில் பொம்மை இல்லை.

எங்கள் இருவர் வீடும் ஒரே அளவு, ஒரே பிளான். அவளுடையது மூலை வீடு என்பதால் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் உண்டு, காலை வெயில் நேராக ஹாலில் வந்து விழும். என் வீட்டில் அதே இடத்தில் சுவர்தான். அதனால் இந்த வகுப்பைப் பற்றி நான் வீட்டில் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. இது ஒன்றாவது எனக்கு மட்டும் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு இதே விளம்பரம் சர்ச் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி என்று சுமார் நூற்று எண்பது கிலோமீட்டர் தூரமும் ஸ்டெல்லா நியூயார்க்கைப் பற்றிப் பேசினாள். காட்பாடியில் பதினைந்து ரூபாய்க்கு டீ வாங்கியபோது, அங்கே டீ எவ்வளவு என்று சொன்னாள். குடியாத்தம் தாண்டியதும் குன்றுகள் கிட்டே வந்தன, தென்னந்தோப்புகளுக்கு நடுவே புகைபோக்கிகள் தெரிந்தன. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

ஆம்பூரில் இறங்கி ஆட்டோ பேசினோம். வாணியம்பாடி போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். "ஜாஸ்தி கேக்கலமா, ரிட்டர்ன் சவாரி கெடைக்காது அங்க," என்றார் ஓட்டுநர். வழியெல்லாம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் உயரமான மதில்கள். ஷூ கம்பெனி பேருந்துகள் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போயின. பாலாறு ஓரிடத்தில் மணலும் முள்ளுமாகத் தெரிந்து மறைந்தது. காற்று திரும்பியபோது சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாசனை மூக்கைத் தாக்கியது. நான் முந்தானையை எடுத்தேன்.

"நாத்தமா? எங்கமா அடிக்குது?" என்று ஓட்டுநர் உண்மையாகவே கேட்டார்.

"நியூயார்க் பாதாள ரயில்லயும் இப்படித்தாம்ப்பா இருக்கும்," என்றாள் ஸ்டெல்லா. நாற்றத்தைக்கூட அவள் எனக்கு முன்னாலேயே வெளிநாட்டில் முகர்ந்துவிட்டு வந்திருந்தாள்.

தங்குமிடம், தோல் வியாபாரக் குடும்பம் ஒன்று தங்களிடம் ஷூ வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கட்டிய விருந்தினர் இல்லம். அந்த வீட்டுப் பெண் நஸ்ரீன்தான் எங்களுக்கு ஆசிரியை. முப்பது வயது இருக்கும். நியூயார்க்கில் நாடக வரலாறு படித்துவிட்டு ஊர் திரும்பியவள். வந்தவர்கள் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து டீச்சர்களும் நர்ஸுகளும். "வாங்க ஆன்ட்டி, மொதல்ல சாப்பாடு, அப்புறம்தான் சரித்திரம்," என்றாள் நஸ்ரீன். பிரியாணியும் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கும் வந்தன. ஆம்பூர் பிரியாணியை நான் சென்னையில் கடைப் பலகை பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

மதியம் வகுப்பு தொடங்கியது. நஸ்ரீன் சொன்ன விதத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, சாரத்தை மட்டும் சொல்கிறேன். பிராட்வே என்பது கட்டம் போட்டது போன்ற ஒரு நகரத்தில் சாய்வாக ஓடும் ஒரு தெரு. ஆரம்பத்தில் அங்கே வித்தைக்காரர், பழக்கிய நாய், கோமாளி, பாடகி என்று ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வந்து போனார்கள். கதை கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அடிமைகளாக இழுத்துவரப்பட்ட கறுப்பர்களின் பிள்ளைகள் தாளத்தைக் கொடுத்தார்கள், அதற்கான பெயரும் கூலியும் அவர்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. ஷூவின் அடியில் உலோகத் தகடு வைத்துத் தரையில் தட்டி ஆடும் ஆட்டம், அவர்களுடைய கால்களும் அயர்லாந்து ஏழைகளின் கால்களும் ஒரே தெருவில் சந்தித்தபோது பிறந்தது. பாட்டு கதைக்குள் நுழைந்து உட்கார்ந்ததெல்லாம் பிறகுதான். புது நாடகத்தை முதலில் சின்ன ஊர்களில் போட்டுப் பார்த்து, தேறினால்தான் அந்தத் தெருவுக்குக் கொண்டுவருவார்களாம். நான் வரி விடாமல் எழுதிக்கொண்டேன். ஸ்டெல்லா எதையும் எழுதவில்லை, நடுநடுவே "ஆமா, நான் பார்த்தேன்" என்று தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆசைப் பாட்டு பற்றிய வகுப்பு. இந்த நாடகங்களில் கதாநாயகி தொடக்கத்திலேயே முன்னால் வந்து நின்று, தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பாடிவிடுவாள். அது கிடைக்குமா என்பதற்காகத்தான் சபை கடைசி வரை உட்கார்ந்திருக்கும். ஆளுக்கொரு ஆசைப் பாட்டு எழுதச் சொன்னாள் நஸ்ரீன். எழுதியதில் ஒன்றை, சனிக்கிழமை மதியம் அவளுடைய சித்தப்பாவின் ஷூ கம்பெனி கேன்டீனில் ஆடிப் பாட வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

*அடுத்த வீட்டு ஜன்னல் போல*
*எனக்கும் ஒண்ணு வேணும்*
*அதுல விழற காலை வெயில்*
*என் வீட்டுலயும் வேணும்*

நஸ்ரீன் படித்துவிட்டுக் கை தட்டினாள். "இதுதான் ஆன்ட்டி! இதைத்தான் நாளைக்குப் பாடப்போறோம்." எனக்குக் காது வரை சூடேறியது. என் பாட்டை நான் நடுவில் நின்று பாடுவேன், இத்தனை வருடக் கேசட்டுக்கும் அது போதும் என்று நினைத்தேன். அப்போது நஸ்ரீன் எல்லோரையும் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்து, "குரல் ஹால் கடைசி வரைக்கும் போவுது. நீங்க லீடு ஆன்ட்டி. வசந்தி ஆன்ட்டி உங்களுக்கு மாற்று," என்றாள்.

மாற்று ஆள் என்பது பிராட்வேயில் பழைய ஏற்பாடு. முக்கிய நடிகைக்கு முடியாமல் போனால் உடனே மேடையேற ஒருத்தி இருப்பாள். எல்லா வரியும் எல்லா அடியும் அவளுக்கும் தெரிய வேண்டும். தினமும் தயாராக வந்து, பின்னால் காத்திருந்து, பெரும்பாலும் அப்படியே வீட்டுக்குப் போவாள். இதை நஸ்ரீன் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. என் ஜன்னலுக்கான பாட்டை, ஜன்னல் வைத்திருக்கிறவளே பாடப் போகிறாள். ஸ்டெல்லா அதை நன்றாகவும் பாடினாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், கப் முப்பது ரூபாய். ஸ்டெல்லாவுக்கு நானே இன்னொரு கப் வாங்கிக் கொடுத்தேன். "உனக்கு எம்மேல எவ்ளோ பாசம் வசந்தி," என்றாள் அவள். மறுநாள் காலை அவள் தொண்டை முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனியின் சாம்பிள் ரூமிலிருந்து சுமதி என்ற பெண் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். லீடு ஆடுபவருக்காக, அடியில் தகடு வைத்த ஷூவை நஸ்ரீன் போனில் சொல்லிச் செய்யச் சொல்லியிருந்தாள். கறுப்புத் தோல், மெல்லிய வார், சின்னக் குதிகால். ஸ்டெல்லா உட்கார்ந்து காலை நுழைத்துப் பார்த்தாள். விரல்கள் போயின, குதிகால் போகவில்லை.

"சைஸ் முப்பத்தேழுமா," என்றாள் சுமதி. "லேடீஸ் சாம்பிள் எப்பவும் முப்பத்தேழுதான் போடுவோம்."

"நான் நாப்பது," என்றாள் ஸ்டெல்லா.

நான் முப்பத்தேழு. சொல்வதற்கு முன்பே என் கால் செருப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. ஷூ எனக்கென்றே தைத்தது போலப் பொருந்தியது. எழுந்து நின்று தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். டக் என்று அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஸ்டெல்லாவுக்கு அமெரிக்காவில் மகள் இருக்கிறாள், மூலை வீடு இருக்கிறது, ஹால் கடைசி வரை போகிற குரல் இருக்கிறது, முப்பத்தேழு சைஸ் கால் மட்டும் இல்லை. "அப்ப மாற்று ஆள்தான் ஆடணும்," என்றாள் நஸ்ரீன். நான் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.

"இன்னொரு ஷூ எங்க?" என்று கேட்டேன்.

சுமதி பெட்டியைப் பார்த்தாள், பிறகு நஸ்ரீனைப் பார்த்தாள். "சாம்பிள்னுதானே மேடம் சொன்னீங்க? சாம்பிள்னா இடது கால் மட்டும்தான் செய்வோம். வாங்க வர்ற பையர் பாத்து ஓகே பண்றதுக்கு ஒண்ணு போதும்ல? ஜோடி வேணும்னா ஆர்டர்னு சொல்லியிருக்கணும்."

நஸ்ரீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தோல் வீட்டுல பொறந்து இதை மறந்துட்டேனே! பேஜாராப் போச்சு." வலது கால் செய்ய நேரமில்லை, பன்னிரண்டரைக்குக் கேன்டீன். ஸ்டெல்லாவின் கால் நுழையாத ஒற்றை ஷூவை நான் கழற்றுவதாக இல்லை. இடது காலில் ஷூவும் வலது காலில் என் ரப்பர் செருப்புமாக ஆடுகிறேன் என்றேன்.

கேன்டீன் நீளமான தகரக் கொட்டகை. நீல ஓவர்கோட் போட்ட பெண்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். சாம்பார் சாதத்தை முடித்துவிட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் எங்களைப் பார்த்தார்கள். நஸ்ரீன் கீபோர்டில் கை வைத்தாள். நான் முன்னால் வந்து முதல் இரண்டு வரி பாடினேன். குரல் பாதிக் கொட்டகை வரைக்கும் போயிருக்கும். பிறகு ஆட்டம். இடது காலைத் தட்டினேன், டக். வலது காலைத் தட்டினேன், சப். டக், சப், டக், சப்.

முன்வரிசையில் ஒருத்தி, "யக்கா, ஒரு கால் நொண்டுது!" என்று கத்தினாள். கொட்டகை முழுவதும் சிரிப்பு. மூன்றாவது வரி மறந்தது. நானே எழுதிய வரி, அது எங்கே போனதென்றே தெரியவில்லை. வெளியே ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. கோரஸ் வரிசையில் வெறுங்காலோடு நின்ற ஸ்டெல்லா, பக்கத்து மேசையிலிருந்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்திருந்தாள். "ஆடு," என்றாள். நான் இடதைத் தட்டினேன், டக். வலது காலைத் தூக்கி வைத்தேன், அதே நொடியில் அவள் தட்டு டக் என்றது. மூன்றாவது வரியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் பாடினேன். என் குரல் நின்ற இடத்திலிருந்து அவள் குரல் கடைசி மேசை வரை போனது. இரண்டாவது சுற்றில் அந்தப் பெண்களும் தங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்த விசிலும் கூச்சலும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

"தட்டு வாசிச்ச அக்கா, சூப்பர்!" என்று முன்வரிசைக்காரி கத்தினாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். என் உயிரைக் காப்பாற்றியவளை நன்றியோடு பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கைதட்டல் எனக்கு வந்திருக்க வேண்டியது.

மாலை வண்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அந்த ஷூவை நஸ்ரீன் எனக்கே கொடுத்துவிட்டாள். பை மடியில் இருந்தது. காட்பாடி வரை ஸ்டெல்லா நியூயார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "பாட்டுல வர்ற அந்த ஜன்னல் என் வீட்டுதுதானே?" என்று கேட்டாள்.

நான் வெளியே பார்த்தேன்.

"வெயில் கண்ணைக் கூசுதுன்னு நான் அதைத் தொறந்தே ஒரு வருஷமாச்சு வசந்தி. பொண்ணு அங்க போன அப்புறம் அதுல நின்னு யாரைப் பாக்குறது?" என்றாள். "நாலு நாடகம் போனேனே, நாலுக்கும் தனியாத்தான் போனேன். அவளுக்கு லீவு இல்ல. பாட்டு முடிஞ்சதும் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட ஏதாவது சொல்லலாம்னு திரும்புவேன். நான் சொல்றது அவங்களுக்குப் புரியாது. உனக்குப் படம் அனுப்புவேன், நீயும் கும்பிடு போட்டுட்டு விட்டுடுவ."

முறுக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இத்தனையும் கேட்ட பிறகும், இவ்வளவு பெரிய ஜன்னலை வைத்துக்கொண்டு ஒருத்தியால் எப்படித் திறக்காமல் இருக்க முடிகிறது என்று உள்ளுக்குள் எரிந்ததை மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. தாம்பரத்தில் தோல் வாசனை இல்லை, ஷிப்டு பேருந்துகள் இல்லை. பாட்டுக்கு நடுவே தட்டை எடுத்துக்கொள்கிற இருநூறு பேர் இல்லை. ஆம்பூரோடு வைத்துப் பார்த்தால் எங்கள் தெரு ரொம்பவும் அடக்கமானது. சமையலறையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த ஷூவை மாட்டினேன். டைல்ஸ் தரையில் மெதுவாகத் தட்டினேன், டக். வலது காலைத் தூக்கினேன், வைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, டக் என்றது.

நான் மறுபடி தட்டினேன். அவளும் தட்டினாள். பாட்டு முழுவதும் அப்படியே போனது, ஒரு இடத்தில்கூட அவள் தாளம் தப்பவில்லை. இரண்டு இடத்தில் தப்பியது நான்தான்.