கேமராவில் விழுந்த என் முகம்

போன வருடம் ஒரு பிற்பகல். தேனியில் நான் வேலை பார்க்கும் எல்.இ.டி விளக்குத் தயாரிப்புக் கூடத்தில் அன்று இருந்தது மூன்று பேர்: நான், விளக்கின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அக்கா, சரக்கு ஏற்ற வந்திருந்த வேன்காரர். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார்.

கம்பம் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு அறுபது விளக்குகள். தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் கட்டப்போகிறார்கள். விளக்கின் முதுகு அறுபது டிகிரியைத் தாண்டினால் சோதனைச் சீட்டில் நான் கையெழுத்துப் போடக்கூடாது. வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமரா என் பொறுப்பு. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் அப்பா, "எம் மவன் சூட்டையே போட்டோ புடிக்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் எரியவிட்டு ஐந்து விளக்குகளை அளந்தேன். ஐந்திலும் முப்பத்தேழு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அணைக்கப் போன அக்கா கையை உதறினார்.

"தம்பி, இங்கன தொட்டுப் பாருங்க. தோசைக்கல்லாட்டம் இருக்கு."

"முப்பத்தேழுதான்க்கா. காய்ச்சல்கூட இல்ல."

"அப்ப உங்க கேமராவத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"யாருக்குக் காய்ச்சலா இருந்தாலும் சரி, சட்டுபுட்டுன்னு ஏத்திவிடுங்கப்பா" என்றார் வேன்காரர்.

கொஞ்சம் கோபத்தோடுதான் கேமராவை மறுபடி நீட்டினேன். திரையில், விளக்கின் முதுகில், ஒரு தலை. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. பழைய விளக்குகளுக்குக் கறுப்புப் பெயின்ட் உண்டு. இது புது மாடல். பார்வைக்காகக் கண்ணாடி போலத் தேய்த்த வெறும் அலுமினியம். அது என் முகத்தின் சூட்டைத்தான் திருப்பிக் காட்டியிருக்கிறது. விளக்கை அளக்கிறேன் என்று இவ்வளவு நேரம் என்னையே அளந்திருக்கிறேன்!

எதிர்க் கடையில் கறுப்பு டேப் வாங்கி ஒரு துண்டு ஒட்டினேன்; அது என் சூட்டைத் திருப்பிக் காட்டாது, விளக்கின் சூட்டைத்தான் காட்டும். டேப்பின் மேல் எண்பத்து நான்கு. காய்ந்த கீற்று கண்ணுக்குள் வந்து போனது.

பிரித்துப் பார்த்தால், கூடுதல் மின்சாரம் தள்ளும், பெரிய மாடலுக்கான சர்க்யூட்டை மாட்டியிருந்தோம். எடுத்துக் கொடுத்தது நான்தான். வேனை நிறுத்தி வைத்து, அறுபதையும் அக்காவும் நானும் மாற்றினோம். எல்லாவற்றையும் மறுபடி ஒரு மணி நேரம் எரியவிட்டு, டேப் ஒட்டி ஒவ்வொன்றாக அளந்தேன். எதுவும் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. இரண்டாவது கையெழுத்தைத் தெளிவாகவே போட்டேன். முதலாளிக்குப் போன் செய்து, என் தவறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்றும் எந்த விளக்கை அளந்தாலும், அதில் என் முகம் விழுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஆன செலவு, வேன் காத்திருந்த கூலியும் டேப்பும் சேர்த்து, அறுநூற்று இருபது ரூபாய்.