பின்னறையின் மேல் சாய்ந்த பலா

குற்றாலத்தில் என் மாமியார் வீட்டுப் பின்னறைக்கு மேலே ஒரு கிழட்டுப் பலா சாய்ந்து நின்றது. ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சாரல் காலத்தில், பிரசவத்துக்காக என் மனைவி அந்த அறையில்தான் படுத்திருந்தாள். மதுரையில் பத்திரிகை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் வந்திருந்தேன். மற்ற அறைகளை சீசனுக்கு வந்தவர்களுக்கு விட்டிருந்தார்கள்.

வந்த அன்றே மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். தெருப்பக்கக் கிளைகளை மின்சாரக் கம்பிக்காக வெட்டியிருந்தார்கள். மிஞ்சிய பாரம் முழுக்க ஓட்டுக்கூரைப் பக்கம். அடிமரத்தில் ஒரு பொந்து. அதற்குள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துப் பூசியிருந்தது. மரம் பலமாக இருக்கட்டும் என்று மாமியார் கொத்தனாரை வைத்துச் செய்த வேலை. பூச்சுக்குக் கீழே பட்டை கறுத்து, எப்போதும் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. தண்டெல்லாம் பாசி, கவட்டைகளில் பெரணி முளைத்திருந்தது.

இலஞ்சியிலிருந்து மரம் வெட்டுகிறவரை வரச்சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல யாராச்சும் முழுகாம இருக்காவளா அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரிதான். இது நிறைமாசம்."

"அப்ப ஆவாது. பச்சை மரத்துல இரும்பு வைக்க மாட்டேன்."

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் மரத்தை வெட்டக்கூடாது என்பது அங்கே வாதத்துக்குரிய விஷயமே அல்ல. அதை நான் ஒதுக்கித் தள்ளியிருப்பேன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு கரு கலைந்திருந்தது. அந்த மாதம் மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முருங்கையை வீட்டுக்காரர் வெட்டினார். மாமியார் அதை ஒருமுறைதான் சொன்னார். நான் மறக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். காய்ந்த சுள்ளிகளைக் கையாலேயே ஒடித்துப் போட்டார். பெரணியைப் பிடுங்கினார். பழுத்தது, பிஞ்சு என்று பாராமல் காய் முழுவதையும் கயிற்றில் கட்டி, கையாலேயே திருகி இறக்கினார். "சுமையைக் கொறச்சிருக்கேன். காத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார். மாமியார் பிஞ்சுகளைப் பார்த்து, "இம்புட்டையும் யாரு திங்கது? சீசன்காரனுவளுக்கு மூணு வேளையும் பலாக்கூட்டுதான்" என்றார்.

நாலைந்து நாள் கழித்து செங்கோட்டைக் கணவாய்க் காற்று பலத்தது. ஒரு மத்தியானம் சாரலில் நனைந்துகொண்டே மரத்தடிக்குப் போனேன். கூரைக்கு எதிர்ப்பக்கம், வேரை ஒட்டி மண்ணில் ஒரு வெடிப்பு. காற்று அடிக்கும்போது அது வாய் திறந்தது, ஓய்ந்ததும் மூடியது. வெடிப்பின் விளிம்பில் கால் வைத்தேன். மண் என் பாதத்தை மெல்லத் தூக்கி இறக்கியது.

உள்ளே போனபோது என் மனைவி கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீங்க என்ன பாத்துட்டு வந்தீகன்னு சொல்ல வேண்டாம். எனக்குச் சுவத்துல கேக்குது" என்றாள்.

மாமியார் வாசலில் நின்றார். "ஏட்டி, அது உங்க தாத்தா காலத்து மரம். விழுறதுன்னா எப்பவோ விழுந்திருக்கும்."

"எம்மா, அப்ப நீ இங்கன படு. நான் உன் கட்டில்ல படுத்துக்கிடுதேன்."

மாமியார் உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "மாப்பிள, அந்த ஆளைக் கூப்பிடுங்க. வேற வழி இருக்கான்னு கேப்போம்" என்றார்.

மரம் வெட்டுகிறவர் வந்து ஒரு வழி சொன்னார். பிள்ளைத்தாய்ச்சியும் அவள் புருஷனும் ஊரைத் தாண்டிப் போய்விட வேண்டும். வெட்டச் சொல்லும் வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது; மாமியார் சொல்ல வேண்டும். கூரைக்கு மேலே உள்ள மூன்று கிளைக் கொம்புகளை மட்டும் எடுப்பார். பொந்தின் செங்கலையும் பெயர்த்து, தேங்கிய தண்ணீரை வடியவிடுவார். மரத்தைச் சாய்க்கமாட்டார்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டு, "வெட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை மூவரும் தென்காசியில் மனைவியின் அக்கா வீட்டுக்கு வண்டியில் போனோம். வழியிலேயே வலி கண்டுவிட்டது. போய்ச் சேர்ந்ததும் அழைத்துவந்த மருத்துவச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கூடத்தில் நானும் மாமியாரும். இருவருக்கும் தெரியும், அதே நேரத்தில் அங்கே அரிவாள் மரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தினால் காற்று மரத்தைக் கூரைமேல் சாய்த்துவிடும். மாமியார் கண்ணிலும் அதே கேள்வியைக் கண்டேன். இருவரும் ஆள் அனுப்பவில்லை.

பிள்ளை பிறந்ததாகச் சொன்னார்கள். அழுகை கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் தெளிக்கும் சத்தம், தட்டும் சத்தம். மாமியார் என் பக்கம் திரும்பவேயில்லை. சாட்சியும் ஆதாரமும் கேட்டே எழுதிப் பழகிய எனக்கு, அந்த நேரத்தில் அரிவாளைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

பிறகு அழுதது. பலவீனமான குரல்தான். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் நான் மட்டும் குற்றாலத்துக்குப் போனேன். செங்கல் பெயர்ந்து கிடந்தது. பொந்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்து முற்றம் நாறியது. இரண்டு கொம்புகள் தரையில் கிடந்தன. மூன்றாவது பாதி வெட்டுப்பட்டு, கயிற்றில் கட்டியபடி கூரைக்கு மேலே நின்றது. வெட்டுகிறவர் மரத்துக்கு எட்டத்தில், கிணற்றுக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாதியில வண்டிக்காரர் திரும்பி வந்து, அவுகளுக்கு வழியிலயே வலி எடுத்துட்டுன்னு சொன்னாரு. கை ஓடல அண்ணாச்சி. இறங்கிட்டேன். மிச்சத்தையும் வெட்டப் பயம், விட்டுட்டுப் போகவும் பயம். நேத்துலேருந்து இங்கனதான் கெடக்கேன்." என் முகத்தைப் பார்த்து, "பிள்ளை?" என்றார்.

"பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கயித்தைப் பிடியும்" என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறினார்.