வேதாள் டேக்டியில் கையுறையைக் கழற்றிய காலை

போன சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில், கழுவிக் கழுவிச் சிவந்து அரிக்கும் கைகளுக்குக் களிம்பு தடவினேன். புனேயில் ஒரு மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில், ஊசிமருந்தில் ஒரு கிருமிகூட இல்லை என்று உறுதிசெய்வது என் வேலை. பத்தொன்பது வருடங்களாக. கணவர் இறந்த பிறகு வீட்டையும் ஆய்வகம்போல ஆக்கிவிட்டேன். ஜன்னல் திறப்பதில்லை, யாரும் வருவதுமில்லை. "ஃபிளாட்ட வித்துட்டு கோயமுத்தூருக்கே வந்துரு, ஞாயித்துக்கிழமை பதில் சொல்லு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் இருந்து யோசிக்க முடியவில்லை.

சிஞ்ச்வட்டிலிருந்து பிம்ப்ரி மெட்ரோவுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். சிவில் கோர்ட்டில் ரயில் மாறி நல் ஸ்டாப், முப்பது ரூபாய். அங்கிருந்து வேதாள் டேக்டி அடிவாரத்துக்கு ஆட்டோ, ஐம்பது. (மீட்டர் போட்டார்!) 7.20க்கு, கையுறை போட்டபடியே ஏறத் தொடங்கினேன்.

புனேயில் குன்றை டேக்டி என்பார்கள். ஏறுபவர்கள் இரண்டு பாட்டில் கொண்டுவருவார்கள்: ஒன்று குடிக்க, இன்னொன்று வழியில் நட்ட கன்றுகளுக்கு. எனக்கு அது தெரியாது; என்னிடமும் இரண்டு பாட்டில் இருந்தது தற்செயல். பாதி வழியில் கால் சறுக்கி "ஐயோ" என்றேன். முன்னால் போன பெண் திரும்பினாள்.

"தமிழா தீதி? ரெண்டாவது பாட்டில இங்க ஊத்து. இந்த ஜாடு காய்ஞ்சு போவுது பாரு" என்று ஒரு வேப்பங்கன்றைக் காட்டினாள்.

"அது தண்ணியில்ல. கை கழுவ, கிருமிநாசினி கலந்தது."

"அரே தேவா! மண்ணுக்கு ஆபரேஷன் பண்ண வந்தியா? கிளவுஸ் வேற!"

பெயர் லலிதா. இங்கே தாபோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; அக்காவை 'தீதி', மரத்தை 'ஜாடு' என்கிற இந்தியும் மராத்தியும் கலந்த தமிழ். "கழட்டு அத. நீ மண்ண இழு, நான் பாணி ஊத்தறேன்" என்றாள். கழற்றினேன். வெறும் கையால் கன்றைச் சுற்றிக் குழி பறித்தேன். தண்ணீர் பட்டதும் மண்வாசனை எழுந்தது. அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளைக் கண்ணாடித் தட்டில் மட்டுமே பார்த்துப் பழகியவள் நான்.

மரமும் மண்ணும் உள்ள இடங்களில் பலவகை நுண்ணுயிரிகளோடு பழகினால் உடலின் எதிர்ப்பாற்றல் தேவையில்லாமல் சீறுவது குறையலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னும் உறுதியாகவில்லை. என் கை ஒரே காலையில் குணமாகிவிடவும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் கை கழுவும் நினைப்பே வரவில்லை. நேரில் ஒருவர் தமிழில் என்னைக் கிண்டல் செய்து எத்தனை மாதமாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"மழை வர்ற வரைக்கும் சனிக்கிழமை இது உன் டியூட்டி" என்று சொல்லிவிட்டு லலிதா மேலே போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள், வெயில் சுடும். மேலே கடை கிடையாது. கையில் வெடிப்போ புண்ணோ இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். வீடு திரும்பியதும் சாதாரண சோப்பு போதும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. ஃபிளாட்டை விற்கப்போவதில்லை, இங்கேதான் இருக்கப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.