மகளைக் காத்து முதலாளியைப் படுக்கவைத்த வெருகலான்

அடியார்களே, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு கொத்துவேலை பழகினேன். புல்மோட்டையில் வீடுகள், ஓர்ஸ் ஹில்லில் மாடிக் கட்டடங்கள், எல்லாம் இந்தக் கையால் எழுந்தவை. என் மகள் சுமதி வேலை செய்யும் தனியார் ஆய்வுகூடத்தைக் கட்டியதும் நான்தான். ஆபத்தான கிருமிகளைக் கையாளவென்று, காற்றை வடித்து வெளியே தள்ளும் யந்திரத்தோடு ஒரு கண்ணாடி அறையும் அமைத்துக் கொடுத்தேன்.

முதலாளி அதற்குள் வெறும் பெட்டிகளை அடுக்கிவைத்தார்.

அதனால் என் பிள்ளை மின்விசிறிக்குக் கீழே, திறந்த மேசையில் வைத்துத்தான் நோயாளரின் இரத்தத்திலிருந்து கிருமி வளர்த்த தட்டுகளைத் திறந்தாள். நெடுநாள் காய்ச்சல்காரர் ஒருவரின் தட்டை முதலாளியும் குனிந்து மணந்தார். "நான் மோந்தே சொல்லுவன்" என்று பெருமை வேறு. கொழும்புக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு வந்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றி, மாதக்கணக்கில் ஆளை உருக்கும் கிருமி. மூச்சோடு உள்ளே போய்விடும்.

"ஐயா, அங்க நிண்ட எல்லாரும் உடன டொக்டரிட்டப் போகோணும்" என்றாள் சுமதி.

"வாயை மூடுங்க பிள்ளை. கதை வெளிய போனா கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள். போறதெண்டா வேலையை விட்டிட்டுப் போங்க."

வீட்டுக் குசினியில் வந்து என்னிடம் சொல்லி அழுதாள். "வேலை கிடக்கட்டும், எழும்பு" என்று நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நோய் வருமுன்னே தடுக்க வாரக்கணக்கில் குளிசை, மாதக்கணக்கில் இரத்தச் சோதனை. மாலையில் காய்ச்சல் காய்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

வெருகல் முருகன் கோயிலுக்கு நடந்தே போனேன். மண்ணில் விழுந்தேன். "முருகா, என்ர பிள்ளையை விடு. அவனைப் பிடி." முதலாளியின் பெயரைச் சொல்லியே கேட்டேன். வெட்கப்படவில்லை.

இரண்டையும் தந்தான். மகளின் கடைசிச் சோதனையும் சுத்தம். குளிசை தொடாத முதலாளிக்கோ வியர்வை, முதுகுவலி, எழும்ப ஏலாத காய்ச்சல். தோடம்பழத்தோடு பார்க்கப் போனேன்.

"இப்ப என்ன மணக்குது, ஐயா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் நெஞ்சு குளிர்ந்தது. நேர்ந்தபடி காவடி எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறாமல் விரதம்.

அடியார்களே, உங்களுக்குக் கெடுதி செய்தவனின் பெயரை ஒளிக்காமல் முருகனிடம் சொல்லுங்கள். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். அதுவும் அவன் வேல்தான்.

முதலாளி தேறிவிட்டார். பெட்டிகளும் போயின, வேலைக்குத் திரும்பிய சுமதியும் அந்தக் கண்ணாடி அறைக்குள்தான் தட்டுகளைத் திறக்கிறாள். ஆனால் 'பாதுகாப்பு அறை அமைத்தவர்' என்று கதவில் அவர் தன் பெயரை மாட்டியிருக்கிறார். அதைக் கழற்ற வேண்டும். மேலே காத்தவன் பெயர், கீழே கட்டிய என் பெயர். மூன்றாவது பெயருக்கு அந்தக் கதவில் இடமில்லை.