அலையாத்திக் காட்டில் ஒரு ரயில் ஸ்டேஷன்

முகம்மது கனிக்கு முதுகெலும்பு இருந்ததாகப் பினாங்கில் யாரும் சொன்னதில்லை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தபோது தலைமைக் கிராணிக்குக் குடை பிடித்தார். 1910இல் ரப்பர் விலை ஏறி, ஊரெல்லாம் பங்குப் பித்துப் பிடித்து அலைந்தபோது, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் குடை பிடிக்கப் போனார்.

கடல் தாண்டி அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து தெற்கே ஒரு கிளை ரயில்பாதை போடுவது, வழிநெடுக நிலத்தைத் திருத்தி மனை விற்பது. இதுதான் திட்டம். இதில் துரைமார் தங்கள் கைக்காசைப் போடவில்லை. போடுவதற்குத்தான் சூலியா தெருவில் வண்டிக்காரர்களும் சலவைக்காரர்களும் இருந்தார்களே! அவர்களைப் பிடித்துக் கொடுப்பது கனியின் வேலை. கமிஷன் உண்டு, போட்டுக்கொள்ள ஒரு கோட்டும் உண்டு.

நிலம் அளக்கப் போன துரையோடு அவரும் போயிருந்தார். ஸ்டேஷன் வரப்போகும் இடத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று முளைக்குச்சியைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். திரும்பி வந்து, "தங்கம் விளையிற பூமி" என்றார்.

ஆப்பக்கடை வைத்திருந்த விதவை ஹபீபா பீவி, வளையல்களை விற்று ஸ்டேஷனை ஒட்டி ஒரு மனை வாங்கினாள். மற்றவர்கள் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கனவு கண்டார்கள். அவளுக்கு மண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு மலாய்க்காரரின் சம்பான் படகில் ஏறிப் போனாள்.

அலையாத்திக் காட்டின் நடுவே அவர் துடுப்பை நிறுத்தினார். "சினிலா", இங்கேதான், என்று தண்ணீரைக் காட்டினார். முளைக்குச்சியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

ஈரச் சேலையோடு நேரே கனியிடம் வந்தாள்.

"எங்கே கனி என் மனை? நண்டுல்ல குடியிருக்கு!"

"லாத்தா, ரயில் வந்தா மண்ணு கொட்டிடுவாங்க."

"உன் வாயிலயா கொட்டுவாங்க?"

அடுத்த மாதமே கம்பெனி பூட்டப்பட்டது. துரை கப்பலேறினார். கனி பள்ளிவாசல் முன்னால் நின்று, "நானும் ஏமாந்தவந்தான்" என்று அழுதார். அழுது முடித்துவிட்டு, ஜெலுத்தோங்கில் கமிஷன் காசில் வாங்கிய புது வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பணத்தைத் தொலைத்தவர்களோ அவரைக் கண்டால் இன்னும் "வாங்க முதலாளி" என்றார்கள். கோட்டுப் போட்டவன் பொய் சொல்லமாட்டான் என்பது அவர்களுடைய வேதம்.

ஹபீபா பீவி அப்படி மரியாதை பழகியவள் அல்ல. அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலிலேயே ஆப்பம் சுட உட்கார்ந்தாள். "ஏன் இங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆப்பத்தோடு கனியின் கதையையும் பரிமாறினாள். கதைக்காகவே ஜெலுத்தோங் முழுக்க அங்கே சாப்பிட வந்தது. கனி கொல்லைப்புற வழியாக வெளியே போய் வந்தார். "லாத்தா, மானம் போகுது" என்று ஒருநாள் ஜன்னல் வழியே கெஞ்சினார்.

"இருந்தாத்தானே போறதுக்கு?" என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

கடைசியில் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே ஓடிவிட முடிவு செய்தார். வாங்க வந்த தௌக்கே, ஒரு சீன முதலாளி, வாசலில் அடுப்பு இருக்கும்வரை ஒரு காசும் தரமுடியாது என்றுவிட்டார். வேறு வழியில்லாமல், ஹபீபா பீவி கொடுத்த பணத்தை முழுதாக அவள் கையில் எண்ணி வைத்தார் கனி. மற்றவர்கள் கேட்கவில்லை, அவர்களுக்குக் கிடைக்கவும் இல்லை.

நாகப்பட்டினம் கப்பலுக்கு அவருடைய பெட்டிகளைச் சுமந்து வந்து வழியனுப்பியவர்களில் இரண்டு பேர், சேற்றில் மனை வாங்கியவர்கள். ஹபீபா பீவி போகவில்லை. அன்று அவளுக்கு ஜெலுத்தோங்கில் கடைக்கு இடம் பேசும் வேலை இருந்தது.