செகோவேயின் அடுப்பில் கை வைத்தவள்

தீவுநாட்டுத் தலைநகர் சூவாவின் பேருந்து நிலையத்தை ஒட்டிய இராச்சந்தையைப் பெருக்குகிறவள் வசேமதா. அவள் கண்ணெதிரே குப்பை போட யாருக்கும் தைரியம் வராது. ஒருமுறை ஒருவன் எலும்புத் துண்டை வீசிவிட்டு டாக்சியில் ஏறினான். இவள் துரத்திப் போய்க் கதவைத் திறந்து, அவன் மடியிலேயே அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். ஐம்பத்தாறு வயது, வாட்டசாட்டமான உடம்பு, காதோரம் எப்போதும் ஒரு பூ.

பத்தொன்பது வயதில் தன் கிராமத்திலிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவள். தையல் ஆலையில் பதினேழு வருடம் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தாள். முதலாளி ஓர் இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனபோது மற்றவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் மட்டும் சம்பளப் பாக்கி கேட்டு ஆலை வாசலில் பாயை விரித்துப் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தாள். கிடைத்தது ஒன்றுமில்லை. "எந்திரிச்சுப் போயிருந்தா மட்டும் என்ன கிடைச்சிருக்கும்?" என்று இன்றைக்கும் கேட்பாள்.

கடைசிப் பேருந்து போன பிறகுதான் சந்தையில் அடுப்புகள் நன்றாகப் பிடிக்கும். துறைமுகத்து ஆட்கள், டாக்சிக்காரர்கள், ஆடிக் களைத்துச் செருப்பைக் கையில் தூக்கி வரும் பெண்கள் எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். வசேமதா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் சுற்றைத் தொடங்குவாள். முதலில் அப்பலம்மாவின் ரொட்டிக் கடை. சூரைமீன் குழம்பு மடித்த ரொட்டியில் பாதி தின்று, "இன்னிக்கு மீன் எங்கே, லீவு போட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டுக் காசைச் சரியாக வைப்பாள். அடுத்தது தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன், ஒரு சிறு கிண்ணம். அதற்கும் காசு. மூக்கு கூர்மையாக வேலை செய்யும். எந்தக் கடையில் எண்ணெய் மாற்றவில்லை என்று மூன்று கடை தள்ளியே சொல்லிவிடுவாள்.

கடைசியாகச் செகோவேயின் அடுப்பு. பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் கரி, அதன்மேல் கம்பிவலை, வலை நிறைய ஆட்டு விலாத்துண்டுகள். அங்கே அவள் கேட்கவும் மாட்டாள், காசும் கொடுக்க மாட்டாள். இருப்பதில் நல்ல துண்டாகப் பார்த்துக் கையால் எடுத்துக் கடிப்பாள்.

அவளுடைய வுனிகவிகாவும் செகோவேயின் நமோலிவுலாவும் தௌவூ ஊர்கள். இரண்டுக்கும் மூதாதை ஒன்று. அவள் கடலோரம், அவன் மலை. தௌவூ என்றால் ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமல் எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். கோபப்பட்டால்தான் குற்றம். காசை நீட்டினாலோ உறவே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி.

"கரியைத் திங்கச் சொல்றியாடா, காட்டுப்பன்னி?" என்பாள் வாயில் துண்டோடு.

"சுறாவுக்குப் பொறந்தவளுக்கு வெந்தது வேகாதது எப்படித் தெரியும்? எலும்பையும் சேர்த்து முழுங்கு, போ."

ஒன்பது வருடமாக இது நடந்தது. அவன் அம்மா இறந்தபோது துக்க வீட்டுக்குள் நுழைந்து, சமையல் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்க வைத்தவள் வசேமதா. அவனும் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்கு வந்து புதுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். அவள் வாசல்வரை வந்து ஏசி வழியனுப்பினாள். மகள்கள் மூவரும் கல்யாணமாகிப் போன பிறகு, நாள்தோறும் அவளோடு சண்டை போட இந்த ஊரில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

சந்தையை நடத்தும் கம்பெனி இந்த வருடம் புதிதாக ஒரு மேற்பார்வையாளரை வைத்தது. இசிமேலி. வெளிநாட்டில், ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயது, நல்ல பையன், தேய்த்த சட்டை. முந்தைய ஆட்கள் கடைக்காரர்களிடம் ஓசிச் சாப்பாடு வாங்கிக்கொண்டு அடைத்த சாக்கடையைக் கண்டுகொள்ளாமல் விட்டதால், வேலையாட்கள் எந்தக் கடையிலும் இலவசமாக எதையும் தொடக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினான். தொட்டால் வேலை போகும். அறிவிப்பைச் சுற்றியிருந்த வெற்றிலைக்கறையைத் துடைத்தவளே வசேமதாதான். படித்தும் பார்த்தாள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, துண்டு அவள் வாயில் இருக்கும்போது இசிமேலி வந்து நின்றான்.

"வசே அத்தை, நோட்டீஸ் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எழுத்து சின்னதா இருக்கு, பெருசா போடு."

"இதுக்குக் காசு கொடுத்தீங்களா?"

"இவனுக்கா?" என்று செகோவேயைப் பார்த்துச் சிரித்தாள். செகோவே சிரிக்கவில்லை. கடை இடங்களை மறுபடி ஒதுக்கும் நாள் அந்த வெள்ளிக்கிழமை. வாசலோரத்து இடத்துக்கு அவனைத் தவிர ஆறு பேர் மனுப் போட்டிருந்தார்கள். அவன் கிடுக்கியால் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இசிமேலிக்கும் தர்மசங்கடம். வயதான பெண்ணை வேலையிலிருந்து நீக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் ஊர் வழக்கம் தெரிந்த எவனும் கனவிலும் செய்யாத காரியத்தைச் செய்தான். தன் சட்டைப்பையிலிருந்து ஐந்து டாலர் நோட்டை எடுத்துச் செகோவேயிடம் நீட்டினான். "அத்தைக்காக நான் கொடுக்கிறேன். பிரச்சனை முடிஞ்சுது."

அப்பலம்மாகூட ரொட்டியைத் திருப்ப மறந்தாள். செகோவே நோட்டைப் பார்த்தான், இசிமேலியைப் பார்த்தான், பிறகு நோட்டை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான்.

வசேமதா மென்றதை விழுங்கினாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"ரொம்ப நன்றிங்க, செகோவே," என்றாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க."

ஒன்பது வருடத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் மரியாதையான பேச்சு அது. கன்னத்தில் அறைந்திருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

வசேமதா அன்று தூங்கவில்லை. ஆலை மூடியபோது வராத அழுகை வந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. வேலையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. ஒரு வாய் இறைச்சிக்கு அவன் விலை வாங்கிவிட்டான். அப்படியானால் இத்தனை நாள் தான் எடுத்ததெல்லாம் என்ன? ஓசியா, திருட்டா? தெரிந்தாக வேண்டும். புதனும் வியாழனும் அவன் அடுப்புப் பக்கம் போகாமல் சந்தையைப் பெருக்கினாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இடம் அவனுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று அப்பலம்மா வந்து சொன்னாள்.

"இனிமே அவன்கிட்ட வம்பு வச்சுக்காதே, வசே. பாவம், நாலு பிள்ளைங்க."

"வம்பு இல்ல அப்பலம்மா. ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்."

கேள்வியை வாயால் கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு, ரக்பி ஆட்டம் முடிந்து கூட்டம் பிதுங்கும் நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் செகோவேயின் பலகையில் வைத்தாள். வலையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். விரல் சுட்டது, நிறுத்தவில்லை. விலாத்துண்டு, கோழி, வெங்காயம் எல்லாவற்றையும் வழித்து எடுத்தாள். வலை காலியானது. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கும் டாக்சிக்காரர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அவனை மட்டும் பார்த்துக்கொண்டே கொடுத்தாள்.

இசிமேலி ஓடி வந்தான். கையில் கைப்பேசி.

"அத்தை, இது சரியில்ல. போன தடவை நான் காப்பாத்தினேன்."

"யாரு உன்னைக் காப்பாத்தச் சொன்னது?"

"இது ஒரு ராத்திரி வியாபாரம் மொத்தமும். உங்க வேலை போயிடும். போலீஸ்கூட வரலாம்."

கம்பெனி கொடுத்த பச்சை மேலங்கியை அவள் கழற்றி அவன் தோளில் போட்டாள். "வேலை போனா போகட்டும். போலீஸைக் கூப்பிடு, நான் ஓடமாட்டேன். ஆனா திருட்டுன்னு சொல்ல வேண்டியது நீ இல்ல. பொருள் யாருதோ அவன் சொல்லட்டும்."

இசிமேலி செகோவேயின் பக்கம் திரும்பினான். "மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. எடுத்தது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

செகோவே காலியான வலையைப் பார்த்தான். நேற்றுத்தான் கையெழுத்துப் போட்ட இடம். கரி சும்மா எரிந்துகொண்டிருந்தது. கடித்த துண்டைக் கையில் பிடித்தபடி கூட்டம் மெல்லாமல் நின்றது. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்து போவது, பிறகு இந்த ஊரில் தனக்குச் சொந்தம் என்று யாரையும் சொல்லாமலிருப்பது என்று வசேமதா தீர்மானித்தே வந்திருந்தாள்.

செகோவே கிடுக்கியைக் கீழே வைத்தான்.

"கடலோரத்துக்காரிங்களுக்கு வயித்துக்கு அடிப்பக்கமே கிடையாதுன்னு எங்கப்பன் சொல்லுவான்," என்றான் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "நான் நம்பலடி. இன்னிக்குப் பார்த்துட்டேன். அழுகின சுறாவே, இதை மட்டும் தூக்கிட்டுப் போனா எப்படி? ஐஸ்பெட்டியில இன்னும் இருபது துண்டு கிடக்கு. அதை எடுக்க யாரு வருவா, செத்துப்போன உங்க பாட்டனா?"

டாக்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசிமேலிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்போ புகார் இல்லையா?"

"தம்பி, அன்னிக்கு உன்கிட்ட காசு வாங்கினேனே, அதுதான் நான் பண்ணின ஒரே தப்பு. இடம் போயிடும்னு பயந்தேன். இப்போ இடத்தை எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கோ. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அடுப்பு போடுறேன். அந்த ரோடு உங்க கம்பெனி அப்பன் வீட்டுது இல்ல."

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஆபீசுக்கு வரணும்," என்றான் இசிமேலி. அவன் குரலில் கண்டிப்பைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"வர்றோம்," என்றாள் வசேமதா. "நாற்காலி நல்லதா போட்டு வை."

அவன் போகாமல் அங்கேயே நின்றான். பாத்திரத்திலிருந்து வந்த வாசனை அவனையும் விடவில்லை போலிருக்கிறது. கடைசியாக இருந்த விலாத்துண்டைக் காட்டி, "நானும் எடுக்கலாமா?" என்று கேட்டான்.

"உங்கப்பன் எந்த ஊரு?" என்றான் செகோவே.

"லெவுகா."

"அப்போ காசு கொடு."

வசேமதா பலகைக்குப் பின்னால் போய் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள். இருபது துண்டு எங்கே, பத்துகூடத் தேறாது.

"பொய்க்காரப் பன்னி," என்றாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே.