மேனேஜர் படமும் மூடிக்கொண்ட சாஃப்ட்வேரும்

நண்பர்களே, இன்று ஓசூர் ஆபீசில் நடந்ததை மெயிலில் உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நாளைக்குள் ஊழியர் எல்லோருக்கும் அடையாள அட்டை அச்சிட வேண்டும். படங்களைச் சேர்த்துவைக்கும் சாஃப்ட்வேரோ திறந்தவுடன் தானாக மூடிக்கொண்டது.

எந்தப் படத்தால் இந்தக் கோளாறு என்று பார்க்க, நானும் பக்கத்து சீட் ஷகிலாவும் பாதிப் படங்களை வெளியே எடுத்துவிட்டுத் திறந்தோம். பிறகு கோளாறு எந்தப் பாதியில் இருந்ததோ அதிலும் பாதி. மத்தியானத்துக்குள் ஒரே படம்தான் மிஞ்சியது.

எங்கள் மேனேஜருடையது. பெங்களூர் ஸ்டுடியோவில் எடுத்து, தெளிவாக இருக்கட்டும் என்று ரொம்பப் பெரிதாக ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்.

"யாரு போட்டோம்மா தொந்தரவு பண்றது?" என்று அவரே பின்னால் வந்து நின்றார்.

ஷகிலா சொல்லிவிட்டாள்: "உங்களுதுதான் சார். கம்ப்யூட்டர் தாங்க மாட்டேங்குது."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, சின்னதாக்கிக்கங்க. மீசை மட்டும் கொறையக் கூடாது."

சின்னதாக்கினோம். சாஃப்ட்வேர் ஜோராக ஓடியது. சின்னப் படத்தில் முகச் சுருக்கமெல்லாம் மறைந்துபோக, அட்டையைப் பார்த்தவர் மலர்ந்துவிட்டார். "பத்து வயசு கொறஞ்சாப்ல இருக்குதேம்மா!"

இப்போது மற்ற மேனேஜர்களும் ஆளுக்கொரு படத்தோடு எங்கள் மேஜை முன்னால் நிற்கிறார்கள்.

நன்றாக ஓடும் சாஃப்ட்வேரை மறுபடி நிறுத்துவது எப்படி? தெரிந்தவர்கள் உடனே பதில் போடுங்கள்.